கடைசல் மெஷின் இல்லாமல் ஒரு மரப் பூச்சாடி: ஸ்க்ரோல் ஸாவில் வளையம் வளையமாக

18 மி.மீ. கனமுள்ள பலகையிலிருந்து 216 மி.மீ. உயரத்துக்குப் பூச்சாடி செய்யலாம் என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. பெரிய மரக்கட்டையும் கடைசல் மெஷினும் இல்லாமலே செய்யலாம். ஸ்க்ரோல் ஸா போதும்: மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடி, மேசைமேல் வைத்த பலகையை வளைவாக அறுக்கும் எந்திரம் அது. பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டு, ஸ்க்ரோல் ஸாவின் மேசையைச் சாய்த்து வைத்து அறுத்தால், ஒவ்வொரு வளையமும் மேலே அகன்றும் கீழே குறுகியும் வரும். பெரிய வளையத்தின் அடிவிளிம்பும் அடுத்த வளையத்தின் மேல்விளிம்பும் ஒரே அளவு. பயணத்துக்கு எடுத்துப்போகும் மடக்கு டம்ளரை இழுத்து விரிப்பது போல, தட்டையாக இருந்த பலகை உயரமாக எழும்பிவிடும்.

அந்த "ஒரே அளவு" தானாக வந்துவிடாது. மேசையை எவ்வளவு சாய்க்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. அதனால் மரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

சாய்வுக் கணக்கு

இந்தச் சாடியின் சுவர்க் கனம் 6 மி.மீ. பிளேடு போகிற வழியில் ஏறக்குறைய அரை மி.மீ. மரம் தூளாகப் போகும். ஆக ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடைவெளி 6.5 மி.மீ. பலகையின் கனம் 18 மி.மீ. பிளேடு 18 மி.மீ. கீழே இறங்குவதற்குள் 6.5 மி.மீ. உள்ளே நகர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அடிவிளிம்பு அடுத்த வட்டத்தோடு பொருந்தும். இந்தச் சாய்வு கிட்டத்தட்ட 20 பாகை.

பிளேடு தின்னும் அரை மி.மீ.யைக் கணக்கில் சேர்க்காமல் 6-ஐ 18-ஆல் வகுத்தால் 18.4 பாகை வரும். என் முதல் சாடியை அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் அரை மி.மீ. படி விழுந்தது. எல்லாவற்றையும் தேய்த்துச் சமன் செய்து முடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது. பாகை ஒன்று பிசகினால் இணைப்புக்கு 0.35 மி.மீ. படி விழும். அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். மூன்று பாகை பிசகினால் ஒரு மி.மீ.க்கு மேல் போகும். 6 மி.மீ. சுவரில் அது பெரிய இழப்பு.

உங்கள் பலகை 18 மி.மீ. இல்லையென்றால் பரவாயில்லை. 6.5-ஐ உங்கள் பலகையின் கனத்தால் வகுத்து, கால்குலேட்டரில் அதற்குத் தலைகீழ் டேன் (tan⁻¹) போட்டால் உங்களுக்கான பாகை கிடைக்கும். பலகையை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். 18 என்று எழுதி விற்கிற பலகை 17 ஆக இருப்பது புதிதல்ல.

மேசைக்கு அடியில் இருக்கும் பாகை அளவுகோலை நம்ப வேண்டாம். தடித்த அட்டையில் ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள்: அடிப்பக்கம் 65 மி.மீ., நிமிர்ந்த பக்கம் 180 மி.மீ., அதாவது 6.5-க்கும் பலகைக் கனத்துக்கும் பத்து மடங்கு. வெட்டி எடுத்து, மேல்பகுதியை நறுக்கி 45 மி.மீ. உயரம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளேடின் மேல்முனையைப் பிடித்திருக்கும் ஸாவின் கைக்கு அடியில் நுழையாது. 65 மி.மீ. பக்கத்தை மேசையில் படுக்கவைத்து, சாய்ந்த பக்கம் பிளேடோடு ஒட்டி நிற்கும்வரை மேசையைச் சாயுங்கள். பாகையே பார்க்காமல் சாய்வு சரியாக அமைந்துவிடும். டிஜிட்டல் கோணமானி இருந்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் எனக்கு அந்த அட்டைமேல்தான் நம்பிக்கை அதிகம்.

சாய்த்த பிறகு அதே பலகையின் துண்டில் சின்னதாக ஒரு வளையமும் அதன் நடுவட்டும் அறுத்துப் பாருங்கள். வளையத்துக்குக் கீழே வட்டை வைத்து விரலால் தடவுங்கள். வட்டு வெளியே துருத்தினால் சாய்வு அதிகம், உள்ளே பதுங்கினால் சாய்வு குறைவு. கண்ணுக்குத் தெரியாத படியும் நகத்தில் தட்டும்.

மரமும் பிளேடும்

மரம் நன்றாகக் காய்ந்ததாகவும், வளைவு முறுக்கு இல்லாமல் தட்டையாகவும் இருக்க வேண்டும். மேசையில் வைத்து நான்கு மூலையையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்தப் பலகை வேண்டாம். ஆடுகிற பலகையில் வளையம் அறுத்தால் ஒவ்வொரு வளையமும் ஆடும், பசை வாயைப் பிளக்கும். மஹோகனி, வால்நட் இரண்டும் அறுக்க இதமானவை. மேப்பிள் சீக்கிரம் கருகும். தேக்கு பார்க்க அழகு, ஆனால் அதன் எண்ணெய்ப் பசை ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்கு முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பிளேடின் பல்லையும் தேக்கு சீக்கிரம் மழுக்கிவிடும். நல்ல பிளைவுட்டிலும் செய்யலாம். அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்து தனி அழகாக இருக்கும்.

பிளேடு விஷயத்தில் ஒன்று முக்கியம். முனையில் குறுக்கே ஊசி வைத்த பிளேடு இந்த வேலைக்கு ஆகாது. அதை நுழைக்கப் பெரிய துளை போட வேண்டும், அந்தத் துளை சாடியின் சுவரில் தழும்பாக நின்றுவிடும். ஊசியில்லாத, வெறும் முனை பிளேடு வாங்குங்கள். 9-ஆம் நம்பர், ரிவர்ஸ் டூத் வகை, அதாவது அடிப்பக்கத்துச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருப்பது. மெல்லிய பிளேடு வளைவில் நன்றாகத் திரும்பும் என்று தோன்றும், ஆனால் சாய்ந்த மேசையில் 18 மி.மீ. மரத்துக்குள் அது வில்லாக வளைந்துவிடும். வளைந்தால் வளையத்தின் பக்கம் தட்டையாக வராமல் வயிறு வைத்துக்கொள்ளும். பிளேடை இழுத்துக் கட்டி விரலால் சுண்டினால், தளர்ந்த கயிறு போல "தொப்" என்று கேட்கக் கூடாது, கணீரென்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வளையத்துக்கு ஒரு தடவை பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடை வைத்து மிச்சம் பிடிப்பவர்கள் அதைவிட அதிகமாக உப்புத்தாளில் செலவழிப்பார்கள்.

வரைதல்

மூன்று துண்டு வேண்டும். முதல் துண்டு 160 மி.மீ. சதுரம், சாடியின் அடிப்பாதிக்கு. நடுப்புள்ளி வைத்து, கவராயத்தால் 75, 68.5, 62, 55.5, 49 மி.மீ. ஆரத்தில் ஐந்து வட்டங்கள். இதில் நான்கு வளையம் கிடைக்கும். நடுவில் மிஞ்சுகிற வட்டுதான் சாடியின் அடித்தட்டு, அதை வீணாக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது துண்டும் அதே அளவு, மேல்பாதிக்கு. 75, 68.5, 62, 55.5, 49, 42.5, 36 என ஏழு வட்டங்கள், ஆறு வளையங்கள். இவற்றைக் கவிழ்த்து அடுக்கினால் வயிற்றிலிருந்து கழுத்துக்குச் சுருங்கும். மூன்றாவது, 95 மி.மீ. சதுரத்தில் ஒரு சின்னத் துண்டு. அதில் 42.5, 36 ஆரத்தில் இரண்டே வட்டம். அதிலிருந்து வரும் ஒற்றை வளையத்தைக் கவிழ்க்காமல் கழுத்தின்மேல் உட்காரவைத்தால் வாய் வெளிப்புறமாக விரியும். அடிப்பாதி 90, மேல்பாதி 108, வாய் 18: மொத்தம் 216 மி.மீ.

அறுக்கும் முன், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே எல்லா வட்டங்களையும் குறுக்காக வெட்டும் ஒரு பென்சில் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் நம்பரும் எழுதுங்கள். அறுத்த பிறகு எல்லா வளையமும் ஒன்றுபோலவே இருக்கும். ரேகை எந்தப் பக்கம் ஓடியது என்று அப்போது தேட முடியாது.

சாய்ந்த துளை

வெளிவட்டத்தைப் பலகையின் ஓரத்திலிருந்தே அறுத்து நுழையலாம். உள்வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பிளேடு நுழையத் துளை வேண்டும். 1.6 மி.மீ. டிரில் பிட் போதும். அந்தத் துளையும் 20 பாகை சாய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழே போகப் போக நடுப்புள்ளியை நோக்கிச் சாய வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். அவசரத்தில் துளையை நேராகப் போட்டுவிட்டால் அது எங்கே வெளிவரும் தெரியுமா? வளையத்தின் வெளிப்புற அடிவிளிம்பில், பார்ப்பவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் மச்சம் போலக் கறுத்து நின்றது.

டிரில் ஸ்டாண்டின் மேசையைச் சாய்க்க முடிந்தால் சாய்த்துக்கொள்ளுங்கள். கை டிரில் மட்டும்தான் என்றால் ஒரு சின்ன வழிகாட்டிக் கட்டை செய்துகொள்ளலாம். இரண்டு 18 மி.மீ. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, சாய்த்து வைத்த அதே ஸ்க்ரோல் ஸா மேசையில் நேர்கோட்டில் ஒரு வெட்டு. வெட்டுப்பட்ட முகம் நமக்கு வேண்டிய அதே சாய்வில் இருக்கும், அளக்கவே வேண்டாம். அதை வட்டக்கோட்டுக்குப் பக்கத்தில், சரிவு நடுப்புள்ளியை நோக்கி இறங்கும்படி வைத்து, பிட்டை அந்த முகத்தோடு ஒட்டிப் பிடித்து இறக்குங்கள். முதலில் ஆணி முனையால் ஒரு குழி தட்டிக்கொண்டால் பிட் வழுக்காது. இவ்வளவு மெல்லிய பிட்டை அழுத்தினால் உடையும். கொஞ்சம் இறக்கி, வெளியே இழுத்துத் தூளை உதறி, மறுபடி இறக்குங்கள்.

அறுத்தல்

எந்தப் பக்கமாகச் சுற்றி அறுப்பது என்பதற்கு ஒரே விதி: மேசை எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் வட்டத்தின் நடுப்புள்ளி இருக்க வேண்டும். மேசை இடப்பக்கம் தாழ்ந்திருந்தால், பிளேடுக்கு இடப்பக்கம் நடுப்புள்ளி. முதல் அறுப்பிலேயே இது சரியா என்று தெரிந்துவிடும். வெட்டிய நடுத்துண்டு பாட்டில் மூடிக் கார்க் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே தூக்கினால் வரும், கீழே தள்ளினால் போகாது. கீழே நழுவி விழுந்தால் திசை மாறிவிட்டது என்று பொருள். சில எந்திரங்களில் மேசைக்குப் பதிலாகத் தலைப்பகுதியே சாயும். அப்போதும் கணக்கு இதுவேதான், மரம் மட்டும் சரிந்து ஓடாது.

பலகையின் மேல் அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். கருகல் வெகுவாகக் குறையும். அறுக்கும்போது மரத்தைப் பிளேடுக்குள் தள்ளாதீர்கள். பிளேடு தின்னும் வேகத்துக்கு நீங்கள் ஊட்டினால் போதும். பல பிளேடுகள் சற்றே ஒரு பக்கமாக இழுக்கும். கோட்டைவிட்டு விலகுவது போலத் தெரிந்தால் பக்கவாட்டில் அழுத்தித் திருத்தப் பார்க்காமல், பலகையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். பக்கவாட்டில் அழுத்திய அந்தக் கணமே பிளேடு வளைந்து சாய்வு மாறிவிடும். மேலே கோடு சரியாகத்தான் இருக்கும், அடியில் வளையம் ஓரிடத்தில் 4 மி.மீ., இன்னோரிடத்தில் 8 மி.மீ. என்று நிற்கும்.

கோட்டைவிட்டு அரை மி.மீ. விலகினால் பதறி மறுபடி கோட்டுக்குத் தாவ வேண்டாம். மெதுவாக, சீராகத் திரும்பி வாருங்கள். சீரான விலகலைத் தேய்த்து மறைத்துவிடலாம், திடீர்த் திருப்பம் பள்ளமாக நிற்கும். சுற்றி வந்து துளையைத் தொடுவதற்கு முந்தைய ஒரு விரற்கடை தூரத்தில் இன்னும் மெதுவாகப் போங்கள். எந்திரத்தை நிறுத்தி, பிளேடைக் கழற்றி, அப்புறம் மரத்தை எடுங்கள். ஓடும் பிளேடிலிருந்து வளையத்தை உருவப் பார்த்தால் வளையம் துள்ளும், விரலுக்கும் ஆபத்து. கண்ணாடியும் தூசி முகமூடியும் முதல் வெட்டிலிருந்தே இருக்கட்டும்.

ஒட்டுதல்: மொத்தமாக ஒட்டாதீர்கள்

முதல் தடவை பதினொரு வளையத்தையும் அடித்தட்டையும் ஒரே மூச்சில் ஒட்டி, பெருமையாக ஓரமாக வைத்தேன். மறுநாள் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், ஒவ்வொரு இணைப்பிலும் பசை மெழுகுவத்தி ஒழுகினது போல உறைந்து நிற்கிறது. கழுத்து வழியாக என் கை போகவில்லை. குச்சியில் உப்புத்தாளைக் கட்டிச் சுரண்டிப் பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் சாடிக்குள் அந்தப் பசை அப்படியேதான் இருக்கிறது.

சாடியை இரண்டு பாதியாக ஒட்டுங்கள். அடித்தட்டும் நான்கு வளையமும் ஒரு பாதி, கழுத்துப் பக்கத்து ஆறு வளையமும் வாயும் இன்னொரு பாதி. இரண்டுக்கும் அகன்ற பக்கம் திறந்திருக்கும், கை தாராளமாக உள்ளே போகும். உட்புறத்தைத் தேய்த்து முடித்த பிறகுதான் இரண்டு பாதியையும் வயிற்றில் சேர்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன், கண்ணாடித் தட்டின்மேல் 150-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒவ்வொரு வளையத்தின் மேல் கீழ் முகங்களையும் நாலைந்து சுற்று தேய்த்து அறுப்புச் சிலும்பை எடுங்கள். அதற்குமேல் தேய்த்தால் கனம் குறைந்து சாய்வுக் கணக்கு கெடும். பசைக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். பென்சில் கோடுகள் எல்லாம் ஒரே நேரில் வரும்படி அடுக்கினால் ரேகை தொடர்ந்து ஓடும். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும்போது எல்லா வளையமும் ஒரே திசையில் நகரும்.

ஈரப்பசையின்மேல் வளையம் சோப்புக் கட்டி போல வழுக்கும். கிளாம்பை முறுக்க முறுக்க ஒரு பக்கம் நழுவிப் போகும். பசைமேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவிவிட்டு அமுக்குங்கள், பரல்கள் மரத்தில் பதிந்து பிடித்துக்கொள்ளும். அழுத்தத்துக்கு 200 மி.மீ. பிளைவுட் சதுரங்கள் இரண்டு, நான்கு மூலையிலும் போல்ட்டு நட்டு. நடுவே பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் சாடியோடு பிளைவுட்டும் ஒட்டிக்கொள்ளும். நட்டுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைத்தால் நீர்த்த பசை மர நாருக்குள் போய், பாலிஷில் வெள்ளைத் திட்டாகக் காட்டும். சுமார் 20 நிமிடம் விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளி முனையால் வழித்தால் சுருள் சுருளாக வந்துவிடும். முழுப் பலம் ஏற 24 மணி நேரம். அதற்கு முன் தேய்க்க ஆரம்பித்தால் இணைப்பு சூடேறி இளகும்.

இரண்டு பாதியையும் சேர்க்கும் முன் உட்புறத்தை 80, 120, 180 என்று தேய்த்து, உள்ளே ஒரு கோட்டிங் ஷெல்லாக்கும் (அரக்குப் பூச்சு) அடித்துவிடுங்கள். ஒட்டவேண்டிய விளிம்பை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துக்கொள்ளுங்கள். இப்போது விட்டால் பிரஷ் உள்ளே போக வேறு சமயம் கிடைக்காது.

வயிற்றில் இரண்டு சரிவும் சந்திக்கும் இடம் கூர்மையான விளிம்பாக நிற்கும். எனக்கு அந்த விளிம்பு பிடிக்கும், வெளிச்சம் அங்கே இரண்டாக உடையும். உருண்டையாக வேண்டும் என்றால் அங்கே தேய்த்தே உருட்டப் பார்க்காதீர்கள், சுவர் மெலிந்துவிடும். மேசையைச் சாய்க்காமல் நேராக அறுத்த, 9 மி.மீ. சுவருள்ள ஒரு வளையத்தை இடையில் வைத்து அதை உருட்டுங்கள். அது வேறு நிற மரமாக இருந்தால் சாடிக்கு ஒட்டியாணம் கட்டியது போல அமையும்.

நிற விளையாட்டு இன்னொன்றும் உண்டு. அறுப்பதற்கு முன்பே வெளிர் பலகையின் நடுவில் 10 மி.மீ. அகலக் கருமரப் பட்டை ஒன்றை நெட்டுக்கு ஒட்டிச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் எதிரெதிராக இரண்டு கருங்கட்டம் வரும். அடுக்கும்போது வளையத்துக்கு 15 பாகை திருப்பிக்கொண்டே போனால் அந்தக் கட்டங்கள் சாடியைச் சுற்றிச் சுழன்று ஏறும். இந்த முறையில் ரேகை நேராக வராது, ஆனால் சுழலைப் பார்க்கும் யாரும் ரேகையைப் பார்க்க மாட்டார்கள்.

தேய்ப்பும் பூச்சும்

வெளிப்புறத்தை 80-ல் தொடங்குங்கள். படிகள் எல்லாம் இந்த நம்பரிலேயே போய்விட வேண்டும். 120-க்குப் போன பிறகு ஒரு படி தென்பட்டால் மறுபடி 80-க்குத் திரும்புவதுதான் வழி. மெத்தைத் தட்டு வைத்த சாண்டர் (உப்புத்தாள் மாட்டிய தேய்ப்பு எந்திரம்) இருந்தால் வளைவோடு இசைந்து போகும். கையால் என்றால் உப்புத்தாளுக்குப் பின்னால் பழைய ரப்பர்ச் செருப்புத் துண்டு வையுங்கள், நன்றாக வேலை செய்யும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினால் கண் தவறவிட்ட படியைக் கை சொல்லிவிடும். 220 வரை போனால் போதும்.

பூச்சு உங்கள் விருப்பம். ஷெல்லாக் இரண்டு கோட், அதன்மேல் லாக்கர் (சீக்கிரம் காயும் ஒருவகை வார்னிஷ்) என்றால் சீக்கிரம் முடியும். ஆளிவிதை எண்ணெய் மரத்தின் நிறத்தை ஆழமாக்கும். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

இந்தச் சாடியில் நேரடியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். என்ன பூச்சு போட்டாலும் ஈரம் இணைப்பில் இறங்கி, அடித்தட்டு உப்பி, முதல் வளையத்தைப் பிளக்கும். கழுத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 59 மி.மீ. இருக்கும். தேய்ப்பில் கொஞ்சம் கூடலாம். அதற்குள் இறங்குகிற ஒல்லியான கண்ணாடிக் குவளை ஒன்றை உள்ளே வைத்துத் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். குவளையைத் தேர்ந்து வைத்துக்கொண்டு 36 மி.மீ. வட்டத்தை அறுப்பது இன்னும் நல்லது.